துவைத்ததற்கு என்ன சாட்சி?

தோல் டாக்டர் என் மனைவியின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் சிவந்து வெடித்து, சில இடங்களில் ரத்தம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"லாண்டரி வச்சிருக்கேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இனிமே சோப்புத்தூளைக் கையால தொடக்கூடாதும்மா."

"தொடாம எப்படி டாக்டர் துவைக்கிறது?"

"அப்போ வேற தொழில் பாருங்க. இப்படியே விட்டா விரல் நுனியில உணர்ச்சியே இல்லாம போயிடும்."

அவள் தலையாட்டிவிட்டு மருந்துச் சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். படியிறங்கித் தெருவுக்கு வந்ததும் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "வேற டாக்டர் பாக்கலாம்."

இதுதான் என் மனைவி. நான் அவளை முதலாளியம்மா என்றுதான் கூப்பிடுவேன். கேலியாக ஆரம்பித்தது, அப்படியே நிலைத்துவிட்டது. கேலியில் பொய்யும் இல்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே கடை அவளுடையது. நான் அப்போது வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். வெளுக்கக் கொடுத்த ஒரு சட்டையைத் திரும்ப வாங்குகிற சாக்கில் மறுபடி மறுபடி வந்து, கடைசியில் சட்டையை மறந்து அங்கேயே தங்கிவிட்டேன். இப்போது இஸ்திரி மேஜை என் பொறுப்பு. மற்றதெல்லாம் அவள் ராஜ்ஜியம்.

ராஜ்ஜியம் என்றால் நீளமான ஒரே அறை. முன்னால் துணி வாங்குகிற மேஜை, அதற்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் இரண்டு மெஷின்கள், கடைசியில் ஒரு குழாய், குழாயடியில் ஒரு கல். அந்தக் கல்தான் கடையின் உயிர். சட்டையின் உடம்பை மெஷின் பார்த்துக்கொள்ளும்; காலரையும் கைப்பட்டியையும் அவள் மெஷினை நம்பி விடமாட்டாள். ஒவ்வொரு காலரையும் கல்லில் விரித்து நனைத்து, ஆள்காட்டி விரல் நுனியால் இப்படியும் அப்படியும் தேய்ப்பாள். கண்ணால் பார்க்கவே மாட்டாள். வாசலில் போகிறவர்களிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே தேய்ப்பாள். திடீரென்று விரல் நிற்கும். "போயிடுச்சு" என்பாள். எடுத்துப் பார்த்தால் அழுக்கு போயிருக்கும். அந்தக் காலருக்காகவே தெரு தாண்டித் தெரு வந்து துணி போடுகிறவர்கள் உண்டு.

கையுறை போட்டுக்கொள் என்று நான் சொல்லாமல் இல்லை. போட்டும் பார்த்தாள். அன்றைக்கு என் மேஜைக்கு வந்த வெள்ளைச் சட்டைகளில் பாதி, கழுத்தில் சாம்பல் கோட்டோடு வந்தது.

"கண்ணைக் கட்டிட்டு ஊசியில நூல் கோக்கச் சொல்றீங்க" என்று கையுறையை உருவி என் மேலேயே எறிந்தாள்.

சரி, காலரை நான் தேய்க்கிறேன் என்று உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் இஸ்திரிப்பெட்டியோடு குடித்தனம் நடத்தி என் விரல்கள் காய்த்துப்போனவை. காலரும் கதவும் எனக்கு ஒன்றுதான். "போயிடுச்சு" என்று நான் கொடுத்த காலரை அவள் ஒரு முறை தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னை இஸ்திரி மேஜைக்கே திருப்பி அனுப்பிவிட்டாள். கை வெடித்தபடியே வேலை நடந்தது. சாப்பிடும்போது கரண்டி பிடிக்கவே அவளுக்கு வலித்தது. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை, ஆனால் அவளிடம் எதிர்த்துப் பேசி ஜெயித்தவர் யாரும் இதுவரை இல்லை.

அப்போதுதான் என் மச்சினன் ஒரு சாக்குப் பையோடு வந்து நின்றான். முதலாளியம்மாவின் ஒரே தம்பி. காளான் வளர்த்தான், போன் உறை விற்றான், மீன் தொட்டி செய்து கொடுத்தான். எதிலும் மனசு நிற்காது. அந்தச் சமயம் ஒரு மூலிகைக் கடையில் வேலைக்கு இருந்தான். அவன் யோசனையோடு வருகிறான் என்றாலே நான் என் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

"அக்கா, இனிமே இதுதான் உன் சோப்பு" என்று பையைக் கவிழ்த்தான். பழுப்பாக, சுருங்கிப்போய், பிசுபிசுவென்று கொட்டைகள் மேஜை மேல் உருண்டன.

"பூந்திக்கொட்டைடா இது. நகைக்கடையில இதால தங்கம் கழுவுவாங்க" என்றாள் அவள்.

"தங்கத்தையே கழுவுதுன்னா மாமா பனியனைக் கழுவாதா? அக்கா, மரத்துல காய்க்கிற சோப்பு இது. தோலை ஊற வச்சுக் கொதிக்க வச்சா நுரை வரும். கைக்கு ஒண்ணும் ஆகாது."

முதலாளியம்மா ஒரு கொட்டையை எடுத்து நீரில் நனைத்து உள்ளங்கையில் உருட்டினாள். கொஞ்சமாக நுரைத்தது. எரிகிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். எரியவில்லை. அவள் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்ததைப் பார்த்தேன்.

"அடுத்தவங்க துணியில சோதனை எல்லாம் பண்ண முடியாது" என்றாள். அக்காவும் தம்பியும் சேர்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் பனியன்களின் கெட்ட காலம் அன்று தொடங்கியது.

முதல் தடவை கொட்டையை விதையோடு துணிப்பையில் கட்டி மெஷினுக்குள் போட்டான் மச்சினன். பை அவிழ்ந்து, விதைகள் மெஷினுக்குள் ஊர்வலம் போய், என் பனியன் முழுக்கத் தேநீர் சிந்தியதுபோல் திட்டுத் திட்டாக வெளியே வந்தது. "டிசைன் நல்லாத்தான் இருக்கு மாமா" என்றான். இரண்டாம் தடவை, விதையை எடுத்துவிட்டுத் தோலை மட்டும் கொதிக்க வைத்து, பெரிய கேனில் ஊற்றி இறுக்கி மூடி வைத்தான். வெயில் நாள். கேன் நாள் முழுக்க உப்பிக்கொண்டே இருந்து, நான் பக்கத்தில் குனிந்து நிற்கிற நேரமாகப் பார்த்து மூடியைத் துப்பியது. கண்ணில் பட்டு எரிந்த எரிச்சலில் நான் குழாயைத் தேடி ஓட, அவன் "பாத்தீங்களா, எவ்வளவு சக்தி இருக்குன்னு!" என்று பூரித்துப்போனான். கடைசி அலசலுக்கு எலுமிச்சம்பழம் பிழியலாம் என்று அடுத்த யோசனை சொன்னான். பிழிந்தது முதலாளியம்மா. வெடித்த விரலில் எலுமிச்சை பட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் போட்ட சத்தத்தில் எதிர் மாடி வீட்டு ஜன்னல்கள் திறந்தன. மச்சினன் தெருமுனை வரை ஓடிப் போய் அங்கிருந்து மன்னிப்புக் கேட்டான்.

ஆனால் முதலாளியம்மா விடவில்லை. அவள் கையில் எடுத்தால் எந்த வேலைக்கும் ஒரு ஒழுங்கு வந்துவிடும். விதை நீக்கிய தோலை முதல் நாளே ஊற வைத்தாள். காலையில் கொதிக்க வைத்து, ஆற வைத்து, பிசைந்து, மெல்லிய துணியில் வடிகட்டினாள். அன்றன்றைக்கு வேண்டிய அளவுதான். மீதி வைத்தால் புளித்துவிடும் என்று கண்டுகொண்டாள். குளிர்ந்த நீரில் அது சோம்பிக் கிடக்கும், வெதுவெதுப்பான நீரில்தான் வேலை செய்யும் என்பதும் பிடிபட்டது. எண்ணெய்க் கறை மட்டும் சண்டித்தனம் செய்தது. அதற்கு அந்தக் கஷாயத்தையே சுண்டக் காய்ச்சிக் கெட்டியாக்கித் தடவி, வெயிலில் காய வைத்துத் திரும்பத் துவைத்தாள். என் பனியன்கள் நாளுக்கு நாள் தேறின. பிறகு என் சட்டைகள். பிறகு வாடிக்கைத் துணிகள்.

கையும் தேறியது. முதலில் சிவப்பு அடங்கியது. பிறகு வெடிப்புகள் ஓரங்களிலிருந்து மூடிக்கொண்டு வந்தன. ஒரு நாள் கல்லில் உட்கார்ந்து காலர் தேய்த்துக்கொண்டே வாசலைப் பார்த்து ஏதோ பாட்டை முனகினாள். அவள் பாடுவதை நிறுத்தியிருந்தாள் என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. சந்தோஷத்தில் ஒரு சட்டையை இரண்டு முறை இஸ்திரி போட்டேன்.

சந்தோஷம் தெருவுக்குப் பொறுக்கவில்லை.

முதலில் எதிர் கட்டடத்து இரண்டாம் மாடி அக்கா வந்தார். துணியை வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "என்னங்க, வாசனையே வரல?" என்றார். "வாசனைப் பொடி போடறதில்லைக்கா இப்போ. பூந்திக்கொட்டைதான். சுத்தமா இருக்கு பாருங்க" என்றாள் முதலாளியம்மா. "சுத்தமா இருக்கு... ஆனா துவைச்ச மாதிரி இல்லையே" என்று இழுத்தார். அடுத்து அதே கட்டடத்து ஜிம் மாஸ்டர். அவருக்கும் அதே சந்தேகம். சோப்புத்தூள் டப்பாவில் அச்சடித்த பூக்களின் வாசனை இருந்தால்தான் துணி வெளுத்தது என்று ஊரே நம்பிப் பழகிவிட்டது. கறை இல்லை, அழுக்கு இல்லை, காலர் பளிச்சென்று இருக்கிறது. ஆனாலும் முகத்தைச் சுளிக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு, டப்பாவை வாங்கி முகர்ந்துகொண்டே போங்கள் என்று சொல்லியிருப்பேன். முதலாளியம்மா கண்ணாலேயே என் வாயை அடைத்தாள்.

விஷயம் மூக்கரிடம் போனது.

மூக்கர் அதே கட்டடத்தின் மேல்மாடியில் தனியாக இருப்பவர். தேயிலைக் கம்பெனியில் கோப்பை கோப்பையாகத் தேநீரை முகர்ந்து ருசித்துத் தரம் சொல்லும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பட்டப்பெயரை அவரே பெருமையாக ஏற்றுக்கொண்டிருந்தார். பால் கெட்டுவிட்டதா, வீட்டில் கேஸ் கசிகிறதா, புதுப் பெயிண்ட் காய்ந்துவிட்டதா, எல்லாவற்றுக்கும் அந்தக் கட்டடத்தில் கடைசித் தீர்ப்பு அவர் மூக்கினுடையதுதான். கூப்பிட்ட குரலுக்கு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வருவார்.

அன்றைக்கும் வந்தார். கடை முன்னால் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். இரண்டாம் மாடி அக்கா, "சார், நீங்களே சொல்லுங்க, வாசனை ஏதாச்சும் வருதா?" என்று வெளுக்கப் போட்டிருந்த அவருடைய சட்டையையே எடுத்து நீட்டினார். மூக்கர் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, நிதானமாக விட்டார்.

"ஒண்ணுமே தெரியலையே" என்றார். பிறகு முதலாளியம்மாவைப் பார்த்து, "துவைச்சீங்களாம்மா?" என்றார்.

வேறு என்ன கேட்டிருந்தாலும் அவள் தாங்கியிருப்பாள். அந்த ஒரு கேள்வி அவளை நெஞ்சில் குத்திவிட்டது. "துவைச்சேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கல்லில் உட்கார்ந்துகொண்டாள். அதற்கப்புறம் அந்தக் கட்டடத்திலிருந்து வருகிற மூட்டைகள் பாதியாகக் குறைந்தன. அது அவளுக்குப் பெரிதில்லை. "என்னைப் பாத்து துவைச்சீங்களான்னு கேட்டுட்டாரு" என்று சோறு பிசையும்போது சொன்னாள், நடந்து போகும்போது சொன்னாள், தூக்கம் வராமல் புரண்டும் சொன்னாள்.

கொஞ்ச நாளில் மூட்டைகள் மெல்லத் திரும்பி வர ஆரம்பித்தன. ஜனங்களுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத்தான் வரவில்லை.

இஸ்திரிக்காரனிடம் எந்தத் துணியும் எதையும் மறைக்க முடியாது. சூடு பட்டால் உள்ளே இருப்பது ஆவியோடு மேலே வந்துவிடும். பூந்திக்கொட்டையில் துவைத்த துணியில் சூட்டை வைத்தால் வெறும் பருத்தி வாசம்தான் வரும். ஒரு நாள் இரண்டாம் மாடி அக்கா வீட்டுச் சட்டையில் பெட்டியை வைத்தேன்; ஆவியில் குப்பென்று மல்லிகை மணத்தது. அடுத்த சட்டை, அதுவும் மல்லிகை. பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டுப் பின்னால் போனேன். முதலாளியம்மா கையை வாளிக்குள் மறைத்துக்கொண்டாள். கல்லுக்குப் பின்னால், வாளிக்கு மறைவில், பழைய பூப்போட்ட டப்பா.

"கையைக் காட்டு."

"வேலை கிடக்கு, போங்க."

"காட்டுன்னு சொல்றேன்ல!"

காட்டினாள். மூடி வந்த வெடிப்பெல்லாம் திறந்து கிடந்தது. முன்பைவிட மோசம். எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது.

"பைத்தியமா உனக்கு? டாக்டர் சொன்னது காதுல விழலையா?"

"அந்தக் கட்டடத்துத் துணிக்கு மட்டும்தான் போடறேன். துவைக்காமக் குடுக்கறா லாண்டரிக்காரின்னு பேரு எடுக்கணுமா நான்?" என்றாள். "கை என்னோடது. கடையும் என்னோடது."

"அந்தக் கையைப் பிடிச்சவன் நான். எனக்கும் அதுல பங்கு இருக்கு!"

அவள் அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "விரல் போனாலும் பரவாயில்ல, பேரு போகக்கூடாது" என்றாள். இதற்கு மேல் இங்கே பேசிப் பிரயோஜனமில்லை, பேச வேண்டிய இடமே வேறு என்று எனக்குத் தோன்றியது. மூக்கர் தன் வாயால் சொன்ன தீர்ப்பை அவர் வாயாலேயே மாற்ற வைக்க வேண்டும். பொடியில் துவைத்தது ஒன்று, பூந்திக்கொட்டையில் துவைத்தது ஒன்று, இரண்டையும் கொண்டுபோய் முன்னால் போட்டு, நிதானமாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்பது என்று முடிவு செய்தேன். என் இஸ்திரியில் இருந்த மல்லிகைச் சட்டையை எடுத்தேன். முன் மேஜையில் மடித்து வைத்திருந்த டி-ஷர்ட் ஒன்றையும் இழுத்துப் பையில் திணித்து, பையின் வாயைக் கட்டிக்கொண்டு மாடி ஏறினேன்.

இங்கே ஜிம் மாஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவர் ஒழுங்கான மனிதர். அழுக்குத் துணியைக்கூட அழகாக மடித்துத்தான் கொண்டுவந்து வைப்பார்.

மூக்கர் கதவைத் திறந்ததும் நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "சார், ரெண்டு துணி கொண்டு வந்திருக்கேன். ஒண்ணு வாசனைப் பொடியில துவைச்சது. இன்னொண்ணு பூந்திக்கொட்டையில. எது எதுன்னு நான் சொல்லப் போறதில்ல. உங்க மூக்கு சொல்லட்டும்."

"குடு தம்பி" என்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முதலில் மல்லிகைச் சட்டை. முகர்ந்தார். "ம். இது பரவாயில்ல. சாதாரணம்" என்றார். அடுத்ததை எடுக்கப் பையின் வாயை இன்னும் கொஞ்சம் திறந்தேன். அறை முழுக்க ஒரு நாற்றம் கிளம்பியது பாருங்கள்! இரண்டு நாள் வியர்வையில் ஊறி, மூடிய பையில் வெந்து, பழுத்துப்போன நாற்றம். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. 'ஐயோ, மாத்தி எடுத்துட்டேன்' என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் டி-ஷர்ட்டை வாங்கி முகத்தில் புதைத்துக்கொண்டுவிட்டார். நீளமாக இழுத்தார்.

"ஆஹா!" என்றார். "இதுதான் பொடி. என்ன வாசனை! மல்லிகைத் தோட்டமே இருக்கு."

நான் அப்படியே நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த துணியைப் பார்த்தார். அக்குளில் மஞ்சள் வளையங்கள். மெதுவாக அதை மடியில் இறக்கி வைத்தார்.

"இது துவைக்காததா?"

"ஆமா சார்."

"ரொம்ப நாறுதா?"

"கொஞ்சம் சார்" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டே சொன்னேன்.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்த பிறகு வரவில்லை. "போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்துச்சு தம்பி. அதோட போயிடுச்சு. டீ குடிச்சாலும் சுடுதண்ணி, காபி குடிச்சாலும் சுடுதண்ணி" என்றார். "பால் கெட்டிருந்தா கண்ணால தெரியும். பெயிண்ட் விரல்ல ஒட்டும். மத்ததெல்லாம், கூப்பிடறவங்க முகத்தைப் பாத்தா என்ன பதில் வேணும்னு தெரிஞ்சிடும். அதைச் சொல்லிடுவேன்."

"அப்போ அன்னிக்கு எங்க கடையில..."

"எல்லாரும் வாசனை இல்லேன்னு சொன்னாங்க. நானும் சொன்னேன்." டி-ஷர்ட்டைத் தானே மடித்துப் பையில் வைத்தார். "யார்கிட்டயும் சொல்லிடாத தம்பி. இந்த மூக்கு ஒண்ணுக்காகத்தான் என் கதவைத் தட்டறாங்க."

சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். மனைவியிடம் சொல்வது யாரிடமும் சொல்வதில் சேராது என்பது என் கணக்கு. நான் சொல்லச் சொல்ல முதலாளியம்மா கல்லிலிருந்து எழுந்திருக்காமல் கேட்டாள். மூக்கர் டி-ஷர்ட்டில் முகம் புதைத்த இடத்தில்கூடச் சிரிக்கவில்லை.

"பாவம்" என்றாள்.

"பாவம்தான். ஆனா இதை வெளிய சொன்னா உன் பேரு ஒரே நாள்ல திரும்பி வந்துடும். அந்த டப்பாவைத் தூக்கி எறிஞ்சிடலாம்."

"சொல்லக் கூடாது."

"அப்போ உன் கை?"

"ஒரு மனுஷனோட மூக்கை வித்து என் கையைக் காப்பாத்திக்கணுமா? வேண்டாங்க." விரல்களில் ஒவ்வொன்றாகப் பிளாஸ்திரி சுற்ற ஆரம்பித்தாள். நான் முனையைப் பிடித்துக்கொடுத்தேன். பிளாஸ்திரியோடு காலர் தேய்த்தாள். விரல் நிற்கவே இல்லை. எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியவில்லை. டாக்டர் சொன்னது நடக்க ஆரம்பித்துவிட்டதோ என்று பயந்தேன்.

மறுநாள் காலையில் கடையில் கூட்டம். இரண்டாம் மாடி அக்கா, ஜிம் மாஸ்டர், இன்னும் சிலர். மூக்கரும் சட்டை வாங்க வந்து ஓரமாக நின்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. முதலாளியம்மா அவர் சட்டையைத் தானே எடுத்துவந்து இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் பார்வை விரல்களில் நின்றது. பிளாஸ்திரிக்கு வெளியே ரத்தம் கசிந்திருந்தது.

"என்னம்மா இது?"

"சோப்புத்தூள் சார். எனக்கு ஒத்துக்கல."

"நீங்கதான் பூந்திக்கொட்டைக்கு மாறிட்டீங்களே?"

"வாசனை வேணும்னு கேட்டாங்க சார்." யார் கேட்டார்கள் என்று அவள் சொல்லவில்லை. குரலில் ஒரு குத்தலும் இல்லை. அதுதான் அவரை வதைத்திருக்க வேண்டும்.

"இப்பதான் சார் துணி கமகமன்னு இருக்கு. மோந்து பாருங்க!" என்றார் இரண்டாம் மாடி அக்கா.

மூக்கர் பழக்கத்தில் சட்டையை முகத்துக்கு அருகே கொண்டுபோனார். பாதியில் நிறுத்தினார். இறக்கிவிட்டார்.

"எனக்கு வாசனை தெரியாது" என்றார் எல்லாரும் கேட்கும்படி. "ஒரு வருஷமா எதுவுமே தெரியாது. அன்னிக்கு இந்தம்மாவைப் பாத்து துவைச்சீங்களான்னு கேட்டேன் பாருங்க, அது நான் சும்மா அடிச்சு விட்டது. நீங்க எல்லாரும் சொன்னதையே திருப்பிச் சொன்னேன்."

இரண்டாம் மாடி அக்காவுக்கு மெல்ல ஏதோ உறைத்தது.

"சார், போன மாசம் எங்க வீட்டுல கேஸ் கசியுதான்னு மோந்து பாத்துட்டு, ஒண்ணுமில்ல பத்த வைங்கன்னு சொன்னீங்களே!"

"குழாய்ல சோப்புத் தண்ணி தடவிப் பாத்துட்டுத்தாம்மா சொன்னேன். குமிழி எதுவும் வரல" என்றார் மூக்கர் பரிதாபமாக. யாரோ சிரித்தார்கள். அக்கா மட்டும் நெஞ்சில் கை வைத்தபடி நின்றார்.

ஜிம் மாஸ்டர் விடுகிற ஆள் இல்லை. "அதெல்லாம் சரி சார். வாசனையை நம்பக் கூடாதுன்னா, துவைச்சதுக்கு அப்புறம் என்னதான் சாட்சி?"

முதலாளியம்மா உள்ளே போனாள். அவள் கையைப் பார்க்கப் பொறுக்காமல் அன்று காலை நானே பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தேய்த்து வைத்திருந்த ஒரு சட்டையை ஈரத்தோடு எடுத்துவந்து, காலரை மேஜை மேல் விரித்தாள்.

"சார், உங்க விரலை இங்க வைங்க" என்றாள். "என் விரல் முழுக்கப் பிளாஸ்திரி. எனக்கு இன்னிக்கு ஒண்ணுமே தெரியல. அழுக்கு இருந்தா விரல் சறுக்காது, லேசாப் பிடிக்கும். போயிடுச்சான்னு நீங்க பாத்துச் சொல்லுங்க."

"அதெல்லாம் போயிடுச்சு, நான் பாத்துட்டேன்" என்றேன் நான்.

"நீங்க சும்மா இருங்க."

மூக்கர் தயங்கி விரலை வைத்தார். தேயிலையை முகர்கிற காலத்தில் எப்படிக் கண்ணை மூடியிருப்பாரோ அப்படி மூடிக்கொண்டார். ஒரு ஓரத்திலிருந்து மெல்லத் தேய்த்துக்கொண்டு வந்தார். இத்தனை பேர் முன்னால் அவசரமே இல்லை அவருக்கு. நடுவில் விரல் நின்றது. ஒரு அங்குலம் பின்னால் போய், மறுபடி வந்தது.

"இங்க இன்னும் இருக்கு" என்றார். "மடிப்புக்குள்ள. நூல் மாதிரி."

முதலாளியம்மா காலரைப் புரட்டிப் பார்த்தாள். மடிப்புக்குள் மெல்லிய சாம்பல் கோடு. அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஜிம் மாஸ்டர் குனிந்து பார்த்துவிட்டு, தன் மூட்டையை நீட்டி, "எனக்குக் கொட்டையிலேயே போடுங்க" என்றார். பிறகு ஒவ்வொருவராக விரலை வைத்து அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார்கள். கடையே கொஞ்ச நேரம் அந்த ஒரு காலரைச் சுற்றி நின்றது.

"கொஞ்ச நாளைக்கு வந்து உட்கார முடியுமா சார்?" என்று கேட்டாள் அவள். "என் விரல் ஆறுற வரைக்கும். இந்த மனுஷனை நம்பிக் காலரை விட முடியாது."

மூக்கர் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகப் பின்னால் போய்க் கல்லின் முன்னால் உட்கார்ந்தார். தன் இடத்தை அவள் அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்று அவர் விரல் போகிற வழியைக் கவனித்தாள். "மெதுவா சார்... ஆங், அப்படித்தான்."

பிறகு திரும்பி நடந்து வந்து, இஸ்திரி மேஜையில் என் பக்கத்தில் நின்றாள். கையில் வாளி இல்லை, துணி இல்லை. அந்தக் கடையில் அவள் வெறுங்கையோடு நின்று நான் பார்த்ததே கிடையாது. என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையையும் மேஜை மேல் மலர்த்தி வைத்தாள். அந்தக் கைகளுக்கு நடுவே இஸ்திரிப்பெட்டியை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.